தம்மை முன்னிறுத்தாத தமிழர்: ஏ.கே. செட்டியார்

தமிழில் பயண இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் ஏ.கே. செட்டியாரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற அவரது நூலின் பெயரே அவருக்குரிய அடைமொழியாயிற்று. எனினும் அவர் மேடைகளை நாடியவர் அல்லர். தம்மைப் பற்றிப் பேசக் கூசும் இயல்பினர். அத்தகைய ஒருவர் எவ்வாறு அரும்பெரும் செயல்களைச் செய்து முடித்தார் என்பதே அவர் வாழ்வு தரும் வியப்பு.

1911-ஆம் ஆண்டு செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்த கருப்பன், இளமையிலேயே எழுத்தில் நாட்டம் கொண்டார். பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார்.

1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் ஒன்று எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. வேண்டிய படச்சுருள்களோ பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை வைத்திருந்தோர் பெரும்பாலும் அவரை முன்பின் அறியாதவர்கள். நாடு அந்நியர் ஆட்சியில் இருந்தது. 1939-இல் போரும் மூண்டது. கையில் அதிகாரமில்லாத இளைஞரை நம்பி, கிடைத்தற்கரிய காட்சிகளை யார் கொடுப்பார்?

ஆயினும் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளை அவர் திரட்டினார். அவர் கையாண்ட வழியை அவருடைய பயண நூல்களே உணர்த்தும். அவற்றில் பிறர் பேசுகின்றனர், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சந்தித்த மனிதரே அங்கு முதன்மை பெறுகின்றனர். எழுதியவர் ஓரமாக நிற்கிறார். புகழ் தேடி வந்தவர் அல்லர் என்பதைக் கண்டுகொண்டபின், கதவுகள் தாமே திறந்தன. 1940 ஆகஸ்டு 23-இல் படம் தமிழில் வெளிவந்தது.

அதே பண்புதான் 1943-இல் அவர் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழையும் தாங்கி நின்றது. பரபரப்பை நாடாமல், மறைந்துபோகவிருந்த பழைய எழுத்துகளைத் தேடியெடுத்து அதில் அவர் பதிப்பித்தார். 1968-இல் தமிழர் பலரின் பயணக் கட்டுரைகளைத் திரட்டித் ‘தமிழ்நாடு’ என்னும் தொகுப்பை அளித்தார். பயண எழுத்தில் தமக்கென ஓர் இடம் பெற்றிருந்தவர், அத்துறையில் பிறரது உழைப்பைத் தேடித் தொகுத்தது அவரது உள்ளத்தின் அளவைக் காட்டும்.

ஒதுங்கி வாழ்வோர்க்கு உலகம் விதிக்கும் விலையையும் அவர் செலுத்த நேர்ந்தது. தமிழ்ப் படத்தின் முழுப் பிரதி பின்னாளில் கிடைக்காமற் போயிற்று. 1953-இல் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவமே ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால் மீண்டும் வெளிச்சம் கண்டது. படம் உருவான வரலாற்றைச் செட்டியார் தம் இறுதிக் காலத்தில்தான் ‘குமரி மலரில்’ எழுதினார். அதுவும் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என நூல்வடிவம் பெற்றது, 1983-இல் அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே.

தாம் பெற்ற நம்பிக்கையைத் தம் பெயர் வளர அவர் பயன்படுத்தவில்லை. எடுத்த பணி நிறைவேறவே பயன்படுத்தினார். அவர் திரட்டியவற்றை இன்று தேடிச் செல்வோர், அவற்றின் ஓரத்தில் அமைதியாக நிற்கும் அவரையும் காண்பர்.