கோடி அற்புதரின் முகம்



கீழடி அருகே கொந்தகையில் கிடைத்த பழங்கால மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இரண்டு ஆண்களின் முகங்களை 2025இல் கணினியில் முப்பரிமாண உருவமாக்கின. நம் முன்னோரின் முகத்தைக் கண்டு வியந்தோம். இதே வழியில் 2014இல் ஒரு புனிதரின் முகமும் வெளிவந்தது. கச்சிராயபாளையத்திலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் செவ்வாய்க்கிழமை வந்தால் நாம் தேடிச் செல்லும் பதுவை நகர் புனித அந்தோனியார்தான் அவர்.

1195இல் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் பிறந்த இவரது இயற்பெயர் பெர்னாந்து. இளவயதிலேயே அகுஸ்தீன் சபையில் சேர்ந்து கொயிம்ப்ரா மடத்தில் மறைநூல் கற்றார். 1220இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் எலும்புகள் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கண்டவர் உள்ளம் கலங்கினார். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, அந்தோனி என்ற பெயரை ஏற்றார்.

மறைசாட்சியாக மரிக்க ஆசைப்பட்டு மொராக்கோ சென்றவரை நோய் படுக்கையில் தள்ளியது. திரும்பும் வழியில் புயல் கப்பலைச் சிசிலித் தீவில் ஒதுக்கியது. நினைத்தது எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்வியே அவரை இத்தாலிக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே அவர் பெரும் மறையுரையாளரானார். கடனைத் திருப்பித் தர இயலாத ஏழைகளைச் சிறையில் அடைக்கலாகாது என்று 1231 மார்ச்சில் பதுவை நகராட்சி சட்டம் இயற்றியது அவருடைய வேண்டுகோளினால்தான். அதே ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஓராண்டுக்குள் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் இறந்து 750 ஆண்டுகள் நிறைவுற்ற 1981இல் கல்லறை திறக்கப்பட்டு, எலும்புகள் ஆராயப்பட்டன. பின்னர் 2014இல், பதுவைப் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தின் முயற்சியில், மண்டையோட்டின் அச்சுப் பிரதி கணினிக்குள் முப்பரிமாண வடிவமாக ஏற்றப்பட்டது. பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் சீசெரோ மொராயிஸ், எலும்பின் மேல் எந்த இடத்தில் எவ்வளவு சதை இருக்கும் என்ற சராசரி அளவுகளைக் குறித்து, தசையையும் தோலையும் போர்த்தினார். தொடக்கத்தில் அது யாருடைய மண்டையோடு என்பதே அவருக்குத் தெரியாது.

கண்ணின் நிறத்தையும் முடியையும் எலும்பு சொல்லாது, அவை கணிப்பே. ஆனால் முகத்தின் அமைப்பை எலும்பு சொல்லும். வெளிவந்த முகம், லீலி மலரும் குழந்தை இயேசுவும் ஏந்திய நம் சுரூபங்களின் மெல்லிய இளைஞர் முகமன்று. சற்றே அகன்ற, சதைப்பிடிப்பான முகம். நம் சந்தையிலும் பேருந்திலும் காணும் ஒரு சாதாரண மனிதரின் முகம்.

இதனால் நம் பக்தி குறைய வேண்டுமா? இல்லை. சுரூபம் நம் அன்பின் வெளிப்பாடு. அது நம் செபத்துக்குத் துணை நிற்கட்டும். ஆயினும் நாம் அடிக்கடி அவரிடம் தேடுவது காணாமற்போன பொருளையும் கேட்ட வரத்தையும் மட்டுமே. நோயுற்ற, களைத்த, திட்டங்கள் கலைந்த அந்த மனிதரைத் தேடுகிறோமா? புனிதம் வானத்திலிருந்து இறங்கிய அழகு அல்ல. நம்மைப் போன்ற எலும்பும் சதையும் கொண்ட உடலில் இறைவன் செய்யும் வேலை அது. ஆகவேதான் திருச்சபை புனிதரின் எலும்புகளை மதிக்கிறது. இந்த உடலே உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுகிறது.

ஐந்து மறைசாட்சிகளின் எலும்புகள் ஓர் இளைஞரின் வாழ்வைத் திருப்பின. இன்று அவருடைய எலும்புகள் நம்மோடு பேசுகின்றன. அடுத்த செவ்வாய் நவநாளில் வரம் கேட்பதோடு நில்லாமல், கடனில் தவிக்கும் அண்டை வீட்டாருக்கு என்ன செய்தோம் என்றும் நம்மையே கேட்போம்.

புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.