மிதிவண்டி வீரர் ஜீனோ பார்த்தாலி

இத்தாலி நாடு மத்தியதரைக் கடலினுள் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம் ஆகும். அதன் முதுகெலும்பு போன்று வடக்கினின்று தெற்கு நோக்கிச் செல்வது அப்பெனைன் மலைத்தொடர். அத்தொடரின் மேற்புறத்தே தஸ்கனி, உம்பிரியா என்னும் இரு நிலப்பகுதிகள் உள்ளன. அங்கே சமநிலத்தைக் காண்பது அரிது. ஒரு குன்றினை ஏறி இறங்கினால் மற்றொரு குன்று எதிரே நிற்கும். சரிவுகளில் ஒலிவ மரங்களும் திராட்சைக் கொடிகளும் நிரைநிரையாக வளர்ந்திருக்கும். பண்ணை வீடுகளுக்குச் செல்லும் வழியின் இருமருங்கினும் சைப்பிரசு மரங்கள் வேல்களை நட்டு வைத்தாற்போல ஓங்கி நிற்கும். குன்றுகளின் உச்சியிலே மதில் சூழ்ந்த சிற்றூர்கள் காணப்படும். முன்னாளில் பகைவர்க்கு அஞ்சியும், தாழ்நிலத்துச் சதுப்புகளில் தோன்றிய நச்சுக் காய்ச்சலுக்கு அஞ்சியும் மக்கள் மேட்டிலே ஊரமைத்து வாழ்ந்தனர். கோர்த்தோனா என்னும் ஊரில், உரோமப் பேரரசு தோன்றுமுன்னரே எத்துருஸ்கர் என்ற பழங்குடியினர் அடுக்கிய மதிற்கற்களை இன்றும் காணலாம். இவ்வூர்களை இணைக்கும் சாலைகள் வளைந்தும் நெளிந்தும் ஏறியும் இறங்கியும் செல்வன. அவற்றுள் பல, பார்த்தாலியின் இளமைக் காலத்தில் தார் காணாதவை. கோடையில் வெண்புழுதியும் மழையில் சேறுமாய்க் கிடந்தவை. இச்சாலைகளே பார்த்தாலியை வளர்த்த ஆசான்கள் எனலாம்.

ஜீனோ பார்த்தாலி 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், பிளாரன்சு மாநகரை அடுத்த போந்தே ஆ ஏமா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நாட்கூலிக்கு உழைத்தவர். ஜீனோவுக்குத் தமக்கையர் இருவரும் ஜூலியோ என்ற தம்பியும் இருந்தனர். ஊர்ப் பள்ளிப் படிப்பு முடிந்தபின் மேல்வகுப்புக்காகப் பிளாரன்சு சென்று வரவேண்டியிருந்தது. அதற்கு மிதிவண்டி ஒன்று தேவைப்பட்டது. வறிய குடும்பத்தினர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசுகளைக் கொண்டு பழைய வண்டி ஒன்றை வாங்கினர். படிப்பில் ஜீனோவின் மனம் ஊன்றவில்லை. பள்ளியை விட்டு, ஊரிலே மிதிவண்டி பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். சக்கரத்தின் கம்பிகளை முறுக்கி ஒழுங்கு செய்யவும், சங்கிலியைக் கழற்றி மாட்டவும் அங்கே கற்றார். கடைக்காரர், பையனின் கால்வலிமையைக் கண்டு வியந்து, அவனைப் பந்தயத்தில் விடுமாறு தந்தையை வேண்டினார். தந்தை உடனே இசைந்தாரல்லர். பந்தயச் சாலையில் உயிருக்கு ஊறு நேரும் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் காரணமற்றது அன்று என்பது பின்னர் விளங்கும்.

1931ஆம் ஆண்டு பார்த்தாலி பந்தயங்களில் ஓட்டத் தொடங்கினார். 1935இல் தொழில்முறை வீரரானார். 1936ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் அகவையிலே, இத்தாலிச் சுற்றுப் பந்தயத்தில் வாகை சூடினார். நாடு முழுவதையும் பல நாட்கள் சுற்றிவரும் பந்தயம் அது. வெற்றியின் மகிழ்ச்சி ஒரு திங்களும் நிலைக்கவில்லை. அதே ஜூன் மாதத்தில், பந்தயம் ஒன்றில் ஓட்டிய தம்பி ஜூலியோ, எதிரே வந்த கார் ஒன்றின்மீது மோதி இறந்தான். தம்பியை இச்சாலைக்கு இழுத்து வந்தது தம் புகழன்றோ என்று பார்த்தாலி நைந்துருகினார். இனி வண்டியைத் தொடுவதில்லை என்று ஒதுங்கியும் இருந்தார். நண்பர்களும் குடும்பத்தாரும் ஆற்றித் தேற்றிய பின்னரே மீண்டும் சாலைக்கு வந்தார். முன்னரே சமயப்பற்று மிக்க அவர், அதன்பின் வழிபாட்டில் மேலும் ஆழ்ந்தார். துறவியர் போல உடல் பேணி வாழ்ந்தார் என்று எண்ணிவிட வேண்டா. புகை பிடிக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது.

மலையேற்றமே அவர்தம் தனித்திறம். அக்காலத்து வண்டிகளில், மலையில் ஏறுவதற்கும் சமநிலத்தில் விரைவதற்கும் ஏற்றவாறு பற்சக்கரத்தை மாற்றுவது எளிதன்று. 1937ஆம் ஆண்டு வரையில், பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் பற்சக்கரம் மாற்றும் கருவி விலக்கப்பட்டிருந்தது. வீரர்கள் வண்டியினின்றும் இறங்கி, பின்சக்கரத்தையே கழற்றித் திருப்பி மாட்டுவர். பிற்காலத்தில் பார்த்தாலி பயன்படுத்திய காம்பஞோலோக் கருவியோ வேறொரு விதத்தில் கடினமானது. ஓட்டுபவர் ஒரு கையைப் பின்னே நீட்டி, இருக்கைக்குக் கீழுள்ள ஒரு நெம்புகோலால் பின்சக்கரத்தின் பிடிப்பைத் தளர்த்த வேண்டும். மிதிகட்டையைப் பின்னோக்கி மிதித்தவாறே, மற்றொரு நெம்புகோலால் சங்கிலியை வேறு பல்லுக்கு நகர்த்த வேண்டும். பின்னர் மீண்டும் இறுக்க வேண்டும். இத்தனையும் ஓடும் வண்டியில்! கைதேர்ந்த கம்மியர்க்கே இது கூடும். பழுதுபார்க்கும் கடையில் கழித்த இளமை வீண்போகவில்லை.

1937இல் இத்தாலிச் சுற்றை மீண்டும் வென்றார். அவ்வாண்டு பிரான்சுச் சுற்றில் முன்னணி வீரர்க்குரிய மஞ்சள் மேற்சட்டையை அணிந்திருந்தபோது, மலைச்சரிவில் பாலத்தினின்றும் ஆற்றில் வீழ்ந்தார். சில நாட்களில் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1938இல், அப்பந்தயத்தை வென்றே விட்டார். அந்நாளில் இத்தாலியை ஆண்டவர் சர்வாதிகாரி முசோலினி. வீரர்தம் வெற்றிகளைத் தம் ஆட்சியின் வெற்றியாகக் காட்டிக்கொள்ளுதல் அவ்வாட்சியின் வழக்கம். பார்த்தாலி அவ்வெற்றியை முசோலினிக்குக் காணிக்கையாக்க முன்வரவில்லை. நன்றி கூறுமிடத்தும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அத்தகைய ஆட்சியில் வாய்திறவாமை ஒன்றே பெருந்துணிவாகக் கொள்ளத்தக்கது.

1940இல் பார்த்தாலியின் அணியிலே இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பௌஸ்தோ கோப்பி என்பது அவர் பெயர். இருபது வயதே நிரம்பிய அவர், அணித்தலைவரான பார்த்தாலியையும் விஞ்சி, அவ்வாண்டின் இத்தாலிச் சுற்றை வென்றார். அதன்பின் இத்தாலி மக்கள் இரு கட்சியாயினர். ஒருவர் பார்த்தாலி பக்கம். மற்றவர் கோப்பி பக்கம். அவ்வாண்டிலேயே இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. நவம்பர்த் திங்களில் பார்த்தாலி, அதிரியானா என்ற நங்கையை மணந்தார். மணமக்களை வாழ்த்தியவர் பிளாரன்சு நகரின் பேராயர், கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. இப்பெயரை மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1943ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்த செய்தி வெளியாயிற்று. உடனே செருமானியப் படை இத்தாலியின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கைப்பற்றியது. யூதர்களை வீடுவீடாகத் தேடிப் பிடித்து, கொலைக்கூடங்களுக்கு அனுப்பும் கொடுமை அங்கும் தொடங்கியது. பிளாரன்சில் யூதர்தம் சமயத்தலைவர் நாதன் கசூத்தோவும் கர்தினால் தல்லா கோஸ்தாவும் கூடி, ஏதிலிகளாய் வந்தோரை மடங்களில் மறைத்துக் காக்க முற்பட்டனர். நவம்பர் இறுதியில் கசூத்தோ பிடிபட்டார். பின்னர்ச் சிறைமுகாமிலே மாண்டார். இவ்வேலைக்கு விலை யாது என்பதை இதனால் அறியலாம்.

மறைந்திருப்பார்க்கு உணவு மட்டும் போதாது. அடையாளச் சீட்டும் வேண்டும். சீட்டின்றித் தெருவில் நடத்தல் இயலாது. பங்கீட்டு உணவும் கிட்டாது. உம்பிரியாவில் சுபாசியோ மலைச்சாரலில் அமைந்த அசிசி என்னும் திருநகரில், ஆயர் நிக்கோலினியும் ரூபினோ நிக்காச்சி என்னும் துறவியும் இப்பணியை மேற்கொண்டனர். லூயிஜி பிரீத்சி என்ற அச்சுக்கூடத்தார், தம் மகனுடன் இரவு வேளைகளில் போலிச் சீட்டுகளை அச்சிட்டார். அச்சீட்டுகளில் தென்னித்தாலி ஊர்களின் பெயர்களையே பொறித்தனர். ஏன் எனின், அவ்வூர்கள் நேச நாடுகளின் கைக்குப் போய்விட்டமையால், செருமானியர் அங்கே ஆள் அனுப்பி உண்மையை உசாவுதல் இயலாது. எளிய அச்சகத்தாரின் நுண்ணறிவு இது!

பிளாரன்சில் மறைந்திருப்போரின் நிழற்படங்களை அசிசிக்குக் கொண்டு செல்வதும், முடிந்த சீட்டுகளைத் திரும்பக் கொணர்வதும் எங்ஙனம்? இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒருவழித் தொலைவு மட்டும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். புகைவண்டிகளில் சோதனை மிகுதி. சாலைகளிலும் காவற்சாவடிகள். கர்தினாலுக்கு ஒருவர் நினைவு வந்தது. நாடறிந்த மிதிவண்டி வீரர் நெடுந்தொலைவு பயிற்சி செய்வதில் யார்க்கு ஐயம் எழும்?

பார்த்தாலி இசைந்தார். வீட்டில் இளம் மனைவியும் இரண்டு வயதுச் சிறுவனும் இருந்தனர். பிடிபட்டால் தமக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் கேடு என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தால் மனைவியும் குற்றத்தில் பங்குடையவளாவாள் என்று கருதி, அவளிடமும் செய்தியைக் கூறவில்லை. மிதிவண்டியின் சட்டம் உள்ளே புழையுடைய குழாய்களால் ஆனது. இருக்கையைத் தாங்கும் தண்டினை உருவி எடுத்து, சுருட்டிய தாள்களை அக்குழாயினுள் செருகி, தண்டினை மீண்டும் பொருத்திவிடுவார். தம் பெயர் பொறித்த பந்தயச் சட்டையை அணிந்து விடியலிற் புறப்படுவார். ஆர்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, அரெத்சோ நகரம், கோர்த்தோனாக் குன்றின் அடிவாரம், திராசிமேனோப் பேரேரியின் கரை, பெருஜியா மேடு ஆகியவற்றைக் கடந்து அசிசியை அடைதல் வேண்டும். முன்பு பந்தயங்களுக்கு ஆயத்தமாவதற்கு ஏறி இறங்கிய அதே குன்றுகள்! அந்நாளில் சாலையோரத்தில் நின்றோர் கைதட்டினர். இப்போது துப்பாக்கியுடன் நின்றனர். சாவடியில் நிறுத்தப்படும்போது, வீரர்கள் அவரை இனங்கண்டு பந்தயங்களைப் பற்றி வினவுவர், கையெழுத்தும் கேட்பர். வண்டியின் உறுப்புகள் விரைவுக்கென நுட்பமாக ஒழுங்கு செய்யப்பட்டவை, யாரும் தொட வேண்டா என்று அவர் கேட்டுக்கொள்வார் என்பர்.

இவ்வளவில் நில்லாது, யூதக் குடும்பம் ஒன்றுக்குப் பிளாரன்சில் தம் உடைமையான வீட்டின் நிலவறையில் புகலிடமும் தந்தார். 1944இல் ஐயத்தின்பேரில் அழைக்கப்பட்டு, பிளாரன்சில் துயரமனை என்று மக்கள் பெயரிட்டிருந்த விசாரணைக் கூடத்தில் அடைபட்டார். முன்னர்ப் படைப்பணியில் அவரை அறிந்திருந்த ஒருவர் அவர்க்காகப் பரிந்து பேசியமையால் விடுதலை பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிளாரன்சு மீட்கப்பட்டது.

போர் ஓய்ந்தபோது, ஒரு வீரரின் வாழ்வில் சிறந்த ஆண்டுகள் ஐந்து கழிந்துவிட்டன. ஆயினும் 1946இல் இத்தாலிச் சுற்றினை மூன்றாம் முறை வென்றார். 1948ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றில் கலந்துகொண்டபோது அவரைக் கிழவர் என்றே செய்தித்தாள்கள் எழுதின. ஜூலை 14ஆம் நாள், பிரான்சின் தென்கடற்கரையில் கான் என்னுமிடத்தில் வீரர்கள் ஓய்ந்திருந்தனர். லூயிசோன் பொபே என்னும் பிரெஞ்சு இளைஞரைவிடப் பார்த்தாலி 21 நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தார். இத்தாலியச் செய்தியாளர்கள் ஊர் திரும்ப முற்பட்டனர்.

அன்று காலை உரோம் நகரிலே பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பால்மீரோ தோல்யாத்தி சுடப்பட்டார். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. ஆலைகள் தொழிலாளர் வசமாயின. சில இடங்களில் உயிர்களும் மாய்ந்தன. உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்று மக்கள் கலங்கினர். அவ்விரவு தலைமை அமைச்சர் தெ காஸ்பெரி தம்மைத் தொலைபேசியில் அழைத்து, வெற்றி பெறுமாறு வேண்டினார் என்று பார்த்தாலி பிற்காலத்தில் கூறியதுண்டு.

மறுநாள் ஆல்ப்சு மலைப்பகுதியில் மழையும் சேறும் கடுங்குளிரும். அல்லோசு, வார்சு, இசோவார் என்னும் மூன்று உயர்ந்த கணவாய்களைக் கடக்க வேண்டும். முப்பத்து நான்கு வயதை எட்டவிருந்த பார்த்தாலி, இளைஞர் அனைவரையும் பின்னே விட்டுத் தனியராக இசோவாரைக் கடந்து, பிரியான்சோனில் முதலிற் புகுந்தார். பொபேயின் முன்னணி ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுதியாய்ச் சுருங்கியது. அடுத்த நாளும் வென்று மஞ்சள் மேற்சட்டையைக் கைக்கொண்டார். அதற்கடுத்த பகுதியையும் வென்றார். பாரிசை அடைந்தபோது, இரண்டாம் வீரர்க்கு 26 நிமிடங்கள் முன்னணியில் இருந்தார். 1938இல் வென்ற பந்தயத்தைப் பத்தாண்டு கழித்து மீண்டும் வென்றது அருஞ்செயலே. இத்தாலியில் வேலைநிறுத்தம் ஓய்ந்தது. தோல்யாத்தியும் உயிர் பிழைத்தார். பார்த்தாலியின் வெற்றியே நாட்டைக் காத்தது என்று கூறுவோர் உளர். அது மிகைக்கூற்று. தோல்யாத்தியும் தொண்டர்களை அமைதி காக்கவே வேண்டினார்; தொழிற்சங்கத்தாரும் கிளர்ச்சியை வளர்க்கவில்லை. ஆயினும், அடிதடிக்குக் கூடிய தெருக்களிலே மக்கள் வானொலியைச் சூழ்ந்து நின்று பந்தயச் செய்தி கேட்டனர் என்பது பொய்யன்று.

1954இல் பந்தயங்களினின்றும் ஓய்வு பெற்றார். கோப்பி 1960ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், ஆப்பிரிக்கப் பயணத்தில் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் நாற்பது வயதில் மறைந்தார். பார்த்தாலி 2000ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பிளாரன்சிலே காலமானார். அசிசிப் பயணங்களைப் பற்றி அவர் பொதுமேடையில் பேசியவரல்லர். மகன் அந்திரேயாவிடம் சிறிது சிறிதாகக் கூறியபோதும், பிறர்க்கு உரைக்க வேண்டா என்று தடுத்தார். தாம் வண்டி மிதித்தவர் மட்டுமே, உயிர் நீத்தவரும் சிறைப்பட்டவருமே வீரர் என்பது அவர் கொள்கை. மறைவில் நடந்த செயலுக்கு ஏடுகள் குறைவாதலின், பயணங்கள் எத்துணை என்பதில் ஆராய்ச்சியாளரிடையே வேறுபாடு உண்டு. எருசலேமில் உள்ள யாத் வாஷேம் நினைவகத்தார், சான்றுகளைத் திரட்டி ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டு, யூதர்களைக் காத்த அறவோர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தனர். 2018ஆம் ஆண்டின் இத்தாலிச் சுற்றுப் பந்தயம் அந்நகரிலிருந்தே தொடங்கியது. போந்தே ஆ ஏமாவில் அவர் பெயரால் மிதிவண்டிக் காட்சிசாலை ஒன்று அமைந்துள்ளது.