மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை

மலையகத் தமிழ் மக்களின் வாழ்வையும் துயரையும் உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. இவர் ஆசிரியர், தொழிற்சங்கவாதி, பாராளுமன்ற உறுப்பினர், கவிஞர், நாவலாசிரியர் எனப் பல துறைகளில் விளங்கியவர். மலையக மக்கள் இவரை அன்போடு ‘சி. வி.’ என்றே அழைப்பர்.

பிறப்பும் கல்வியும்

இவர் நுவரெலியா மாவட்டத்திலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பிறந்தார். கங்காணிக் குடும்பத்தைச் சேர்ந்தவராதலால், லயத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டாத கல்வி வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. ஹற்றன் மெதடிஸ்த கல்லூரியிலும் பின்னர் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் பயின்றார். மெதடிஸ்த கல்லூரியே பிற்காலத்தில் ஹைலன்ஸ் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

அக்காலத்தில் தோட்டப் பிள்ளைகளின் நிலை வேறாக இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. பல தோட்டங்களில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். சில ஆண்டுகள் படித்ததும் பிள்ளைகள் கொழுந்து பறிக்கவோ புல்லு வெட்டவோ சென்றனர். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளோடு சேர்க்கப்படவில்லை. 1970களிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

பொதுவாழ்வு

ஆசிரியராகப் பணியாற்றிய சி. வி., தாம் பெற்ற கல்வியைத் தம் முன்னேற்றத்துக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. இலங்கை இந்தியன் காங்கிரசில் இணைந்து தொழிலாளருக்காக உழைத்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் அக்கட்சியின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர்.

ஆயினும் இவ்வெற்றி நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவு செய்யப்படவில்லை. குடியுரிமை அற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. எனவே, வறுமையோடு போராடிப் படித்த பிள்ளைக்கும் படிப்பின் பயன் கைக்கெட்டாமல் போயிற்று. பிள்ளையைப் படிக்க வைப்பதா, பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவதா எனப் பெற்றோர் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எழுத்துப்பணி

பாராளுமன்றத்தில் இடமிழந்த மக்களுக்கு எழுத்திலே இடமளித்தார் சி. வி. தோட்ட வாழ்வை அறியாத கொழும்பு வாசகரையும் வெளிநாட்டாரையும் எட்டும்பொருட்டு முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். அவரது ஆங்கிலக் கவிதை நூலைச் சக்தி பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். ‘வீடற்றவன்’, ‘இனிப்பட மாட்டேன்’ முதலியன இவரது தமிழ் நாவல்கள்.

தொழிலாளி குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை நீக்கப்பட்டால் அவன் வேலையோடு வீட்டையும் இழப்பான். அவனது பிள்ளையின் படிப்பும் அத்தோடு முறியும். இத்தகைய மனிதரின் அவலத்தையே ‘வீடற்றவன்’ நாவல் எடுத்துரைக்கின்றது.

எழுதப் படிக்க அறியாத தொழிலாளரின் தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல்களைத் தேடித் தொகுத்தமை இவரது மற்றுமொரு பெரும் பணியாகும். அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வெளிவந்தன. ஏட்டறிவு இல்லாதாரிடமும் இலக்கியச் செல்வம் உண்டு என்பதை இந்நூல் நிறுவியது. முதன்முதலாகப் பாடசாலை செல்லும் பிள்ளை, தன் பாட்டியின் பாட்டை அச்சிற் காணும்போது கல்வி தனக்கு அந்நியமானதன்று என உணர்கின்றது.

மறைவு

சி. வி. 1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி காலமானார். நாடற்றவர் பிரச்சினை முற்றாகத் தீர்வதை அவர் காணவில்லை. 2003ஆம் ஆண்டிலேயே எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது.

மாணவர்களே! குடும்பத்தில் முதன்முதலாகப் பரீட்சைக்குத் தோற்றுவோர் உங்களுள் பலர் இருக்கலாம். வீட்டில் பாடஞ் சொல்லித்தர ஆளில்லையே எனத் தளர வேண்டாம். தயங்காது ஆசிரியரை நாடுங்கள். முன்னர் சித்தியெய்தியவரிடம் கேளுங்கள். நீங்கள் சித்தியெய்தியபின் அடுத்த லயத்துப் பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் கொடுங்கள். கற்றவர் தம் மக்களை மறவாதிருத்தலே சி. வி.யின் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. சி. வி. பிறந்த தோட்டம் யாது?
2. 1948ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியை எவ்வாறு பாதித்தது?
3. நாட்டார் பாடல்களைத் தொகுத்ததன் பயன் யாது?