இறகுகளை ஆராய்ந்த பேரறிஞர்

சேலம், நாமக்கல் சமவெளிகளின் தோப்புகளில் பொன்முதுகு மரங்கொத்தி வாழ்கின்றது. அதன் முதுகு பொன்னிறம், பின்புறம் கருநிறம். ஆண்பறவையின் உச்சி முழுவதும் செந்நிறமாக இருக்கும். பெண்பறவையின் முன்னுச்சியோ வெண்புள்ளிகள் விரவிய கருநிறமாக இருக்கும். விறைத்த வாலிறகுகள் அது மரத்தில் ஊன்றி நிற்க உதவுகின்றன. இங்ஙனம் பறவையின் இனத்தையும் பாலையும் வாழ்க்கை முறையையும் இறகுகளே நமக்கு உணர்த்துகின்றன. இவ்வாராய்ச்சியை இந்திய நாட்டில் ஒழுங்குபடுத்திய பெருமக்களுள் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் தலைசிறந்தவர் ஆவார்.

இவர் 1829-ஆம் ஆண்டு பிறந்தார். 1849-இல் இந்தியாவிற்கு வந்து ஆட்சிப்பணியில் அமர்ந்தார். வடநாட்டில் எட்டாவா என்னும் ஊரில் பணியாற்றியபோது இலவசப் பள்ளிகளை நிறுவினார். ஓய்வு நேரங்களில் பறவைத் தோல்களைத் தொகுத்தார். 1857-ஆம் ஆண்டுப் புரட்சியில் அத்தொகுப்பு அழிந்தது. ஆயினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஒரே இனப் பறவையின் இறகும் பால், பருவம், வயது, வாழிடம் ஆகியவற்றிற்கேற்ப வேறுபடும். ஆதலின் ஒரு தோலை மட்டும் கண்டு முடிவு கூறுதல் பிழையாகும். இவ்வுண்மையை நன்குணர்ந்த ஹியூம், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பறவைத் தோல்களைப் பெற்றார். அவற்றைப் பதப்படுத்திக் குறிப்பெழுதும் முறையை விளக்கி 1874-இல் ஒரு கையேடும் வெளியிட்டார். ‘சிதறிய இறகுகள்’ என்று பொருள்படும் பெயரில் 1872-இல் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். அவருக்குச் செய்திகள் அனுப்பியோருள் மார்கரெட் காக்பர்ன் அம்மையாரும் ஒருவர். சேலத்தில் பிறந்த அவ்வம்மையார் கோத்தகிரியில் வாழ்ந்து, பறவைகளை ஓவியமாகத் தீட்டியவர்.

ஹியூம் 1882-இல் ஓய்வு பெற்றார். பறவைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றுதல் அவர்தம் வாழ்நாள் வேட்கை. ஆனால், அவர் சிம்லாவில் இல்லாத காலத்தில், பல்லாண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப் படிகளைப் பணியாள் ஒருவன் கடைத்தெருவில் பழந்தாளாக விற்றுவிட்டான். அவ்விழப்பை ஈடு செய்ய இயலவில்லை, பெருநூலும் உருப்பெறவில்லை.

அந்நிலையிலும் அவர் தம் செல்வத்தைப் பூட்டி வைத்தாரல்லர். எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட தோல்களும் முட்டைகளும் அடங்கிய தொகுப்பை 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக ஈந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரசு தோன்றுவதற்கும் அவரே முன்னின்று உழைத்தார். சேலம் விசயராகவாச்சாரியார் 1920-இல் தலைமை தாங்கிய பேரவை அதுவேயாகும். பிற்காலத்தில் ஹியூம் வேட்டையையும் புலாலுணவையும் நீத்தார். 1912-இல் இயற்கை எய்தினார்.

எழுதிய தாள்கள் மறைந்தன. பிறர்க்கு ஈந்த இறகுகளோ நிலைத்தன. இன்றும் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து பயனடைகின்றனர். தேடிய அறிவைப் பலர்க்கும் பயன்படச் செய்வோரே அதனை என்றும் இழவாதவர் ஆவர்.