போரை எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை

பிரெஞ்சுப் படை என்றாலே நமக்கு நெப்போலியன்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் பிறப்பதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர்களின் போர்களைத் தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வணிகராக வளர்ந்தார். கனகராய முதலியாருக்குப் பிறகு ஆளுநர் துய்ப்ளேவின் தலைமைத் துபாஷி ஆனார். மொழிபெயர்ப்பு மட்டுமில்ல, வியாபாரம், அரசியல் பேச்சுவார்த்தை எல்லாத்திலும் அவர் கை இருந்தது.

1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது, 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது, எல்லாம் அதில் இருக்கு. அந்த முற்றுகை நேரத்தில்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநருக்கு அவ்வளவு நெருக்கமா இருந்தும் அவரால் தடுக்க முடியல. ஆனா மறைக்காமல் எழுதி வைத்தார். கோயில் போனாலும் அதன் கதை நமக்குக் கிடைத்தது அதனாலதான்.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதே மாதம் பிள்ளையும் காலமானார். கிட்டத்தட்ட 25 வருஷ எழுத்து மிஞ்சியது.

நண்பர்களே, நம்ம தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களின் கதையும், அங்கிருந்த கோயில்களின் கதையும் தாத்தா பாட்டிகளோட போயிடக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கேட்டு, தேதி போட்டு எழுதி வைங்க.