கொசுப் புழுவுக்கு எமனாக வந்த டாக்டர்!

குத்தம்பாக்கம்: மழை ஆரம்பித்து விட்டால் குத்தம்பாக்கம், பூந்தமல்லி பக்கம் கொசுத் தொல்லைக்கு பஞ்சமே இருக்காது. தண்ணீர் தொட்டி, டிரம் என எல்லாவற்றிலும் புழு நெளியும். கொசு ஒழிப்பு பணியாளர்கள் வீடு வீடாக வந்து மருந்து ஊற்றி விட்டுப் போவார்கள்.

கொசுவை புழுவாக இருக்கும்போதே தீர்த்துக் கட்ட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் டாக்டர் ரொனால்டு ராஸ்.

1857-ல் அல்மோராவில் பிறந்த இவருக்கு கவிதை, ஓவியம் என்றால் உயிர். ராணுவ அதிகாரியான அப்பா விடவில்லை. டாக்டருக்குப் படித்து, 1881-ல் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் தங்கிய வீட்டில் கொசு பிடுங்கி எடுத்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில் புழுக்களைப் பார்த்தவர், தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். கொசு குறைந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாம் என்றார். அங்கிருந்த ராணுவ அதிகாரி சம்மதிக்கவில்லை.

1897 ஆகஸ்ட் 20-ந் தேதி செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தார். அந்த நாள்தான் உலக கொசு தினம். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடித்ததோடு ராஸ் நிற்கவில்லை. 1901-ல் ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரில் ஆட்களை வைத்து குட்டைகளைத் தூர்த்தார். தூர்க்க முடியாத இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார். மூச்சு விட மேலே வரும் புழு, எண்ணெய் படலத்தில் சிக்கி செத்துப் போகும். ஆனாலும் அங்கே முழு வெற்றி கிடைக்கவில்லை.

1902-ல் எகிப்தின் இஸ்மாயிலியாவுக்கு சூயஸ் கால்வாய் கம்பெனி அழைத்தது. அங்கே வேலை விடாமல் நடந்தது. சில வருஷத்திலேயே மலேரியா பெருமளவு ஒழிந்தது. 1932-ல் லண்டனில் ராஸ் காலமானார்.

மண்ணெண்ணெய் போய் இப்போது டெமிபாஸ் மருந்து வந்து விட்டது. கொசுப் புழு மருந்துகளை சோதிக்க, மருந்து கலந்த தண்ணீரில் 25 புழுக்களை விட்டு, 24 மணி நேரத்தில் எத்தனை செத்தது என்று எண்ணுகிறார்கள். ஒரே மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் புழுவுக்கு அது பழகி விடும் ஆபத்தும் உண்டு.

முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் மருந்து ஊற்ற ஆள் வரட்டும் என்று காத்திருக்காமல், வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். பெங்களூரில் ராஸ் செய்ததும் அதுதான்.