கணிதப் பேராசிரியர் ராமதீர்த்தர்

பஞ்சாபில், குஜ்ரன்வாலா மாவட்டத்தைச் சேர்ந்த முராரிவாலா என்னும் சிற்றூரில் 1873 அக்டோபர் 22 அன்று தீர்த்தராமர் பிறந்தார். அவ்வூர் இப்போது பாகிஸ்தானில் உள்ளது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த அவருக்கு மாணவ நாட்கள் முழுவதும் வறுமையே துணை. லாகூரில் படித்தபோது உணவுச் செலவைக் குறைத்து, அக்காசில் இரவு விளக்குக்கு எண்ணெய் வாங்கினார்.

பி.ஏ. தேர்வில் முதல்முறை அவர் தோல்வியுற்றார். கணிதத்தில் அன்று, ஆங்கிலத்தில்! மறுமுறை எழுதி 1893-இல் முதலிடம் பெற்றார். ஒரு கணிதத் தேர்வில் பதின்மூன்று வினாக்களுள் ஒன்பதற்கு மட்டும் விடை எழுதினால் போதுமென்றிருந்தது. இவரோ பதின்மூன்றையும் தீர்த்துவிட்டு, எந்த ஒன்பதை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று குறிப்பெழுதி வைத்தார் என்பர்.

மற்றொரு நிகழ்ச்சியும் அவரது வரலாற்றில் வருகிறது. கடினமான சில கணக்குகளை விடிவதற்குள் தீர்க்காவிடில் உயிரை விடுவதென ஓர் இரவு உறுதி பூண்டாராம். ஒரு கணக்கு மட்டும் எஞ்சியது, பொழுதும் விடிந்தது. கத்தியைக் கழுத்தில் வைத்த வேளையில் விடை அவர் கண்முன் தோன்றியதாம். இதை மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் கூறுவதில் நமக்கு உடன்பாடில்லை. கணக்கு மறுநாளும் காத்திருக்கும், உயிர் அப்படியன்று. பி.ஏ. தோல்விக்குப் பின் மீண்டும் புத்தகத்தைத் திறந்தாரே, அந்த உறுதியே பெரிது.

1895-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அரசுப் பணிக்குப் பரிந்துரைக்கக் கல்லூரி முதல்வர் முன்வந்தபோதும் கற்பிக்கும் பணியையே விரும்பி, லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். கணிதத்தில் தேர்ச்சி பெறும் வழியைப் பற்றி மாணவர்களுக்காக எழுதவும் செய்தார்.

1897 நவம்பரில் சுவாமி விவேகானந்தர் லாகூருக்கு எழுந்தருளினார். சொற்பொழிவு ஏற்பாடுகளில் முன்னின்ற இளம்பேராசிரியர், தமது பொற்கடிகாரத்தைச் சுவாமிஜிக்குக் காணிக்கையாக்கினார். சுவாமிஜி அதனை அன்புடன் அவரது சட்டைப்பையிலேயே திரும்ப வைத்து, இங்கிருந்தபடியே தாம் அதை அணிந்துகொள்வதாகக் கூறினார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார்? கணிதத்தில் விடை காண முடியாத இக்கேள்வி, பேராசிரியரைப் பற்றிக்கொண்டது. விடை காணும்வரை எந்தக் கணக்கையும் விட்டறியாதவர் அல்லவா!

1900-இல் ‘அலிஃப்’ என்னும் உருது இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே பதவியையும் இல்லத்தையும் துறந்து இமயம் சென்றார். மனைவியும் குழந்தைகளும் இருந்த வீடு அது. அத்துறவின் சுமையில் அவர்களுக்கும் பங்குண்டு. பின்னர்த் துறவறம் ஏற்று சுவாமி ராமதீர்த்தரானார். 1902-இல் டோக்கியோவில் வெற்றியின் இரகசியம் குறித்து உரையாற்றினார். செயலில் முழுதும் ஈடுபடுகையில் ‘நான்’ என்னும் நினைவு கரைந்துபோவதை அங்கே விளக்கினார். இரவெல்லாம் கணக்குடன் அமர்ந்திருந்தவருக்கு இது ஏட்டறிவு அன்று.

அமெரிக்காவில் வேதாந்தம் பரப்பித் திரும்பியவர் மீண்டும் இமயத்தையே நாடினார். 1906 அக்டோபர் 17, தீபாவளி நாள். டெஹ்ரியில் நீராட இறங்கியவரை ஆற்றின் வேகம் இழுத்துச் சென்றது. முப்பத்துமூன்று வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன.